ஏசி அறையில் கறுத்துப்போன புழுக்கள்

ஏசி போட்ட ஓர் அறைக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது எனக்குப் பத்து வயது. கையில் மாமாவுக்குக் கொண்டுபோன சோற்று டப்பா. நல்ல கத்திரி வெயில். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த அந்த ஏடிஎம்முக்கு, தார் ரோட்டில் வெறுங்காலோடு, நிழல் விழும் இடமாகப் பார்த்துக் குதித்துக் குதித்துப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஒரு காற்று வந்து முகத்தில் மோதியது. அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர்ப் பானைக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், இந்தப் பக்கம் வேறோர் ஊர்.

"கதவ மூட்றா நைனா. குளுரு வெளிய போவுது. அப்பால சூப்பர்வைசரு என்னிய வெளிய போவச் சொல்லுவான்" என்றார் மாமா.

இன்று நான் ஏசி மெக்கானிக். தினமும் நாலைந்து ஏசியையாவது கழற்றி மாட்டுகிறேன். ரிப்பேர் முடிந்து, சுவிட்சைப் போட்டு, முதல் குளிர்காற்று கையில் படும்போதெல்லாம் எனக்கு எருக்கஞ்செடிப் புழுக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஏசிக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். புழுவைப்பற்றிப் புத்தகத்தில் இருப்பதை உங்கள் டீச்சர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறேன்.

அப்போது எங்கள் வீடு மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்தில், பறக்கும் ரயில் போகிற தூண்களுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே சிமெண்ட் ஷீட். மே மாதம் மதிய நேரத்தில் அதற்குக் கீழே உட்காருவதும் இட்லிப் பானைக்குள் உட்காருவதும் ஒன்றுதான். அப்பா பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போய்விடுவார். அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலை செய்தாள். அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார்.

மாமா பொய் சொல்லுகிறவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உண்மை பேசுவதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இருந்ததில்லை. ஒரு தடவை எனக்கு ரோஸ் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சு ஒன்று வாங்கித் தந்தார். மறுநாளே அதைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் தூங்கி எழுந்து பார்த்தபோது கூடைக்குள் பச்சை நிறத்தில் ஒரு குஞ்சு நின்றது. "ரோஸ் கலருதான்டா ராவோட ராவா பச்சையா மாறிச்சு. நல்ல சாதிக் கோழி. அட்த்தது மஞ்சளாவும், வேணா பாரு" என்றார். நான் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த வருஷம் முழுக்க என் பெயர் பச்சக்கோழி.

வேலை விஷயத்திலும் மாமா அப்படித்தான். அச்சாபீஸ் வேலையை விட்டதற்கு மை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கூரியர் வேலையை விட்டதற்கு, அடையாறில் ஒரு நாய் தன்னை மட்டும் குறிவைத்துத் துரத்துகிறது என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை ஆள் சேர்த்து, சாட்சி வைத்துச் சொல்லுவார். கடைசியாக இந்த ஏடிஎம் செக்யூரிட்டி வேலை கிடைத்தபோது அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "இத்தையும் வுட்டுட்டு வந்தன்னா இந்த வாசப்படி ஏறாத. சொல்ட்டேன்."

காலையிலிருந்து இரவு சாப்பாட்டு வேளை வரைக்கும் டூட்டி. கொஞ்ச மாதத்திலேயே மாமா ஆரம்பித்துவிட்டார்.

"யக்கா, அந்த ரூமு தாங்கலக்கா. எலும்புக்குள்ள குளுருது."

அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினாள். வேர்வை கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. "ஊரே வெயில்ல வெந்து சாவுது. தொரைக்குக் குளுருதாமா? தா பாரு, வேற எதுனா சாக்கு இருந்தா சொல்லு. இது நல்லால்ல."

"மெய்யாலுமே சொல்றேங்கா. காலு வலி தூங்க வுட மாட்டேங்குது."

"நாயி தொரத்துச்சுன்ன. இப்ப ஏசி தொரத்துதா?"

நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும்தான் சிரித்தார்.

நம்பாவிட்டாலும் அம்மா வைத்தியத்தை விடவில்லை. குதிகால் வலிக்கு எருக்க இலை வைத்தியம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, அதன்மேல் எருக்க இலையைப் போட்டு, பொறுக்கிற சூட்டில் குதிகாலை வைத்து எடுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் இலை பறித்து வருவது என் வேலை. கால்வாய்க் கரையில் ரயில் தூணுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு எருக்கஞ்செடி நின்றது. பறித்ததும் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா பயமுறுத்தி வைத்திருந்ததால், கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் விறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கழுவுவேன். அந்தப் பயம் நல்லதுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த இலைகளின் அடியில்தான் புழுக்களைப் பார்த்தேன். கொசு அளவுக்குத்தான் இருந்தன. கிட்டப் பார்த்தால் ஒவ்வொன்றின் உடம்பிலும் வளையல் அடுக்கியதுபோல வெள்ளையும் கறுப்புமாக வரி. முதுகில் மஞ்சள் பொட்டு. முன்னால் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று கறுப்புக் கொம்புகள். கடவுள் இவ்வளவு சின்ன உடம்பில் உட்கார்ந்து இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. இலையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, காலி ஸ்வீட் டப்பாவில் போட்டு வளர்த்தேன். இரண்டே நாளில் எறும்பு வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தபோது இரண்டு புழுக்களைக் காணோம். நான் அழுத அழுகைக்கு மாமாதான் இறங்கி வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? பாதிய என்கிட்ட குடு. நம்ம ஏடிஎம்ல எறும்பு வராது. அதுக்கும் குளுரு தாங்காது."

பாதியை இன்னொரு ஸ்வீட் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மீதியை நானே வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் டப்பாவை வைத்தேன். மாமா தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தச் செடியிலிருந்தே இலை பறித்துக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டை எப்போதும் அக்காதான் கொண்டுபோய்க் கதவருகிலேயே கொடுத்துவிட்டு வருவாள். அவள் அசோக் நகரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போன சமயத்தில்தான் அந்த வேலை எனக்கு வந்தது. முதலில் சொன்னேனே, பானைக்குள் தலையை விட்டதுபோல என்று, அந்த மதியம் அதுதான்.

மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த மேடையில் என் ஸ்வீட் டப்பா இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்தவை என் புழுக்கள் இல்லை.

வீட்டில் இருந்தவை மஞ்சளும் வெள்ளையுமாகப் பளீரென்று இருந்தன. கறுப்பு வரி நூல் மாதிரி மெல்லிசு. இவையோ கறுப்பாக இருந்தன. கறுப்புப் பட்டை அகன்று அகன்று ஒன்றோடொன்று ஒட்டுகிற மாதிரி வந்து, மஞ்சள் அங்கங்கே சொட்டு விட்டதுபோலத்தான் தெரிந்தது. அளவிலும் சிறியவை.

"மாமா, என்து எங்க?"

"இதான்டா உன்து."

"இது கறுப்பா கீது."

"அதான்டா எனக்கும் புரியல. சட்ட உரிக்க உரிக்கக் கறுத்துக்கினே போவுது."

எனக்குப் பச்சைக் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்தது. "செத்துப்போச்சா? வேற எட்தாந்து வெச்சிட்டியா?"

"அய்ய, இல்லடா. அம்மா சத்தியமா இல்ல. இந்த ஒரு தபா நான் ஒண்ணுமே பண்ணல."

நான் சோற்று டப்பாவை வைத்துவிட்டு, அந்தக் குளிரில் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று கால் கெஞ்சியும் கேட்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் வந்துவிட்டேன்.

இரவு வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. அத்தை வீட்டிலிருந்து திரும்பியிருந்த அக்காவும் இருந்தாள். மாமா செங்கல்மேல் காலை வைத்தபடி, தான் எதையும் மாற்றவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா சிரித்தாள்.

"பொய் சொல்றதுல ஒரு நாயம் வேணாமாடா? வெயில்ல திரியறவன் கறுப்பாவான். ஏசில குந்திக்கினு கீறவன் வெளுப்பான். ஏசில இருந்து எவன்டா கறுத்தான்? மெட்ராசு பூரா தேடு, ஒருத்தனக் காட்டு."

அது எங்கள் எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. வெயிலில் விளையாடினால் கறுத்துப்போவாய் என்று சொல்லாத அம்மா எங்கள் தெருவில் இல்லை. ஏசி காரில் போகிறவர்கள் எல்லாம் வெளுப்பு. அப்படியிருக்க, அனல் அடிக்கிற எங்கள் வீட்டுப் புழு வெளுப்பாக இருக்கிறது, ஏசியில் இருந்த புழு கறுப்பாக இருக்கிறது என்றால் யார் நம்புவது?

மாமா செங்கல்மேலிருந்து காலை எடுத்துக்கொண்டார். பிறகு, "குளுருக்குப் போத்திக்கிச்சு போலக்கீது" என்றார். அதற்கும் சிரித்தோம். இந்தத் தடவை மாமா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனாலும், "இனிமே நீ என்கூட பேசாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அக்காதான் ஒரு வழி சொன்னாள். கணக்கில் அவள் எப்போதும் முதல். அதைவிட, மாமாவிடம் ஏமாறாத ஒரே ஆள் அவள்தான்.

"மாமா, நீ மாத்தலன்னு சொல்றல்ல? பாத்துரலாம். நானே புழு புட்சி, நானே பிரிச்சி, நானே கட்டித் தர்றேன். நடுவுல நீ தொடக் கூடாது. சம்மதமா?"

"தொட்டா என் கைய வெட்டு" என்றார் மாமா. அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒரே செடியிலிருந்து, அப்போதுதான் முட்டை விட்டு வந்த குட்டிக் குட்டிப் புழுக்களாகப் பார்த்து எடுத்தோம். அக்கா அவற்றை இரண்டு டப்பாவில் பிரித்தாள். டப்பாக்களின் வாயில் பழைய கொசுவலைத் துணியைப் போட்டு, சிவப்பு நூலால் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டாள். அது அவள் தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட முடிச்சு. மாமா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த அவுக்கணும்னா போலீசுதான் வரணும்" என்றார். ஒரு டப்பா வீட்டில், ஒன்று ஏடிஎம்மில். தினமும் மதியம் நானும் அக்காவும் சாப்பாட்டோடு போவோம். அவளே முடிச்சை அவிழ்த்து, புது இலை வைத்து, மறுபடி கட்டுவாள்.

அந்த நாட்களைத்தான் நான் மறக்கவே மாட்டேன். ஒரு நாள், ஒரு புழு இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்பில் ஓர் அலை ஓடியது. தலைக்குப் பின்னால் தோல் பிரிந்தது. இறுக்கமான சட்டையைக் கழற்றுவதுபோல நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. பழைய தலை தொப்பிபோலக் கழன்று கீழே விழுந்தது. கொம்புகள் நனைந்த நூல்போல மடங்கிக் கிடந்து, மெல்ல நிமிர்ந்தன. புதுச் சட்டையில் கறுப்பு, போன தடவையைவிட அகலம். பிறகு அது திரும்பி, தான் கழற்றிப்போட்ட சட்டையைத் தானே தின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை, யாரும் சாயம் பூசவில்லை. அது தானாகவே, உள்ளுக்குள்ளிருந்தே, கறுத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா?" என்றார் மாமா, கோயிலில் பேசுகிற குரலில்.

பணம் எடுக்க வந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களோடு குனிந்து பார்த்தார். "ஏம்பா, இப்பல்லாம் பேங்க்ல புழுகூட டெபாசிட் வாங்கிக்கறாளா?" என்று கேட்டார்.

"வாங்கறோம் சாமி. வட்டியோட பட்டாம்பூச்சியாத் திருப்பிக் குட்ப்போம்" என்றார் மாமா. பெரியவர் சிரித்துக்கொண்டே கைகளைத் தேய்த்தார். "அப்பாடி, என்ன இப்படிக் குளிர்றது! ரெண்டு நிமிஷம் நின்னாலே வெரலெல்லாம் மரத்துப்போறது. நீ எப்படிப்பா நாள் பூரா உக்காண்டிருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இன்னொரு நாள் சூப்பர்வைசர் வந்தார். பைக் சத்தம் கேட்டதும் மாமா தொப்பியைக் கழற்றி டப்பாமேல் கவிழ்த்தார். நாங்கள் பணம் எடுக்க வந்தவர்கள்போல மெஷினைப் பார்த்து நின்றோம்.

"தொப்பி எங்கய்யா தலையில காணோம்?"

"வேர்க்குது சார்" என்றார் மாமா. அவர் பல் தந்தியடித்தது எங்களுக்கே கேட்டது.

"ஏசில வேர்க்குதா? சரி, சேர எதுக்குக் கதவாண்ட போட்ட? மூலையில போடு. கஸ்டமருக்கு எடைஞ்சல்."

மாமா நாற்காலியை ஏன் கதவருகே போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். மூன்று மணி வாக்கில் கண்ணாடிக் கதவு வழியாகச் சாய்வாய் ஒரு துண்டு வெயில் உள்ளே விழும். அந்த நேரத்துக்கு மாமா டப்பாவை அங்கே நகர்த்தி வைப்பார். அதுவரை இலைக்கு அடியில் சுருண்டிருந்த கறுப்புப் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, அந்த வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். மாமாவும் அதே வெயிலில் காலை நீட்டிக்கொள்ளுவார். புழுவுக்குத் துணை என்றுதான் நான் நினைத்தேன். சூப்பர்வைசர் போனதும் நாற்காலி திரும்பக் கதவருகே வந்துவிட்டது.

இதற்குள் மாமாவுக்குக் கால் வலி அதிகமாகிவிட்டது. ஒரு நாள் இரவு வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். செங்கல் சூடாவதற்குள், "யக்கா, என்னால முடில. வேலைய வுட்டுர்றேன்" என்றார்.

அம்மா கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள். "எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியும். நாளைக்கு நானே வரேன். நாள் பூரா அப்டி இன்னாதான் குளுருதுன்னு அந்தக் குளுரப் பாத்துட்டு, அப்பால உன்னிய வெச்சிக்கிறேன்."

"வா. வந்து பாரு" என்றார் மாமா.

மறுநாள் மதியம் நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். அம்மா சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டாள். நான் வீட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அம்மா காலையிலிருந்து நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும், "அம்மாடி, சொர்க்கம்டா!" என்றாள். மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

அக்கா இரண்டு டப்பாவையும் மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. இரண்டையும் எங்கள் கண் முன்னால் அவிழ்த்துத் துணியை எடுத்தாள்.

வீட்டுப் புழுக்கள் கொழுத்து, மஞ்சளாக, மெல்லிய கறுப்பு வரியோடு, கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோல இருந்தன. ஏடிஎம் புழுக்கள் சின்ன உடம்போடு, அப்படியே கறுப்பு. ஒரே செடி. ஒரே இலை. ஒரே நாளில் எடுத்தவை. ஒரே அம்மா போட்ட முட்டைகளாகக்கூட இருக்கலாம். நான் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், மறுபடி வலப்பக்கம் பார்த்தேன்.

"மாமா மாத்தல" என்றாள் அக்கா, தீர்ப்புச் சொல்லுகிறமாதிரி. "மெய்யாலுமே மாத்தல."

நான் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "நான் சொன்னன்ல? நான் சொன்னன்ல?" என்று மாமா நொண்டிக் காலோடு குதித்தார். பச்சைக் கோழி உட்பட அவர் சொன்ன எல்லாமே உண்மையாகிவிட்டதுபோல அவ்வளவு சந்தோஷம்.

அம்மா புழுக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் நின்றாள். அவள் முதுகில் வேர்வை காய்ந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவள் தோள் நடுங்குவதைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். போர்த்திய கையைப் பாதியிலேயே நிறுத்தி, கறுப்புப் புழு டப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாமா உட்காருகிற இரும்பு நாற்காலியில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். அப்புறம் மாமாவின் கையைத் தொட்டாள்.

"இது எப்பவும் இப்டியேதான் இருக்குமாடா? கொறைக்க முடியாதா?"

"அத்தத் தொடக் கூடாதுக்கா. நம்மளுக்கு இல்ல இது. மெஷினு சூடாயிடக் கூடாதுன்னு போட்டுக்கீறாங்க" என்றார் மாமா. பிறகு வழக்கம்போல, "கரண்டு போனா வெய்யகாலம் வரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா சிரிக்கவில்லை. சோற்று டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்து, "சூடு ஆறதுக்குள்ள சாப்டு" என்றாள்.

புழு ஏன் கறுத்தது என்று நான் தெரிந்துகொண்டது ரொம்ப வருஷம் கழித்துத்தான். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கறுப்பு, வெயிலை நன்றாகக் குடிக்கும். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரில் வளருகிற புழு, அடுத்த சட்டையில் கறுப்பை அதிகமாக நெய்துகொள்ளுகிறது. கொஞ்சம் வெயில் பட்டால்கூட சட்டென்று உடம்பு சூடாக வேண்டும் என்பதற்காக. வெக்கையில் வளருகிற புழு கறுப்பைக் குறைத்துக்கொள்ளுகிறது. அதற்குக் கண்ணாடி இல்லை, காலண்டர் இல்லை, எவ்வளவு கறுப்பு தனக்கு வேண்டும் என்று தெரியாது. உடம்புக்குத் தெரிகிறது. கறுப்போ மஞ்சளோ, கடைசியில் கூட்டுக்குள் போய் வெளியே வந்த பட்டாம்பூச்சிகள் ஒன்றுபோல ஆரஞ்சு நிறத்தில்தான் வந்தன. எங்கள் வீட்டிலிருந்து முதலில் வந்தன. ஏடிஎம்மிலிருந்து மெதுவாக, ஒரு வாரம் தாமதமாக வந்தன. ஒன்று மெஷின்மேல் உட்கார்ந்து இறக்கையை உலர்த்தியது. பணம் எடுக்க வந்தவர்கள் அது பறக்கும் வரைக்கும் வரிசையில் நின்றார்களாம். இது மாமா சொன்னது. இதை நான் நம்புகிறேன்.

அம்மா ஏடிஎம்முக்கு வந்துபோன அன்று சாயங்காலம் அவளோடு நானும் ஒரு வீட்டுக்குப் போனேன். மந்தைவெளியில் அம்மா ரொம்ப நாளாக வேலை செய்த மாமி வீடு. மிச்சம் மீதி என்று மாமியே கூப்பிட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வருகிறவள் அம்மா. அன்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மா, உங்க புள்ள அமெரிக்காலேர்ந்து வந்தப்ப போட்டுக்கினு வந்தாரே, ஒரு சொட்டரு. அது சும்மாதான கீது?"

மாமி விசிறியை நிறுத்தினார். "ஸ்வெட்டரா? இந்தக் கத்திரி வெயில்லயா? யாருக்குடி?"

"என் தம்பிக்குமா. அவனுக்குக் குளுருது."

சந்தன நிறத்தில், கழுத்து மூடுகிறமாதிரி, தடித்த ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு மாமா அந்த வேலையில்தான் வருஷக்கணக்காக இருந்தார். அவர் விடாமல் செய்த ஒரே வேலை அதுதான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டோடு பிளாஸ்கில் சுடுதண்ணீரும் போக ஆரம்பித்தது. குளிர் என்ற வார்த்தையை வைத்து அம்மா அவரை மறுபடி கிண்டல் செய்ததில்லை. இன்றைக்கும், கால்வாய் ஓரத்திலிருந்து எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த பெரும்பாக்கத்தில், எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக்கில், மார்கழி வந்தால் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அவர் டீ குடிக்க இறங்குகிறார்.

ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் எட்டவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நான் புழுக்களைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அம்மா ஸ்வெட்டரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ம் என்றுகூடச் சொல்லாமல் வேகமாக நடந்தாள்.

"யம்மா, கறுப்பாக் கேட்டிருக்கலாம்ல? புழுவெல்லாம் கறுப்புதான போத்திக்கிச்சு?" என்றேன்.

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி நடந்தாள்.

அவ்வளவு பெரிய அதிசயத்தைக் கண் முன்னால் பார்த்துவிட்டு, அதைப்பற்றி அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று அன்று ராத்திரி முழுக்க எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.